நடு நாள்

பழனிக்கு நடந்து போய் வந்தவர்களிடம் கதை கேட்டால் முதல் நாளைச் சொல்வார்கள். கடைசி நாளைச் சொல்வார்கள். குன்றக்குடி அடிவாரத்தில் சிதறுகாய் போட்டுக் கிளம்பியது, தெருவே வாசலில் வந்து நின்று வழியனுப்பியது, அப்புறம் ஒரே தாவலாக ஆயக்குடி. கொய்யாத் தோப்புகளைத் தாண்டும்போது மலை தெரிந்ததும் தொண்டை அடைத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையில் 150 கிலோமீட்டருக்குப் பக்கமாக இருக்கிறது. அதைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

எனக்கு அந்த இடைத்தூரம்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதிலும் நத்தத்திலிருந்து திண்டுக்கல் வரை நடந்த ஒரு நாள். 2020-ஆம் வருஷம் தைப்பூசம் பிப்ரவரி 8-ஆம் தேதி. நான் சொல்வது அதற்கு மூன்று நாள் முந்தி. கிளம்பியபோது இருந்த துள்ளல் நத்தம் வருவதற்குள் தீர்ந்துபோயிருந்தது. மலை கண்ணுக்குத் தெரிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. திரும்பிப் போக நினைத்தால் வந்த தூரமும் கொஞ்சமில்லை.

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம் என்று மேற்கே போகிற சாலை அது. செட்டிநாட்டு நகரத்தார் இந்த வழியாகக் காவடி எடுக்கத் தொடங்கி நானூறு வருஷம் ஆகிறது என்பார்கள். உப்பு வியாபாரத்துக்குப் பழனிப் பக்கம் போய் வந்தவர்கள் வழியாக வந்த பழக்கம் என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அந்தக் காவடிக்கு இன்றைக்கும் தனி மரியாதை, தனி முறை. ராத்தங்கலுக்கு இறக்கி வரிசையாக வைத்திருக்கும்போது பார்த்தால் மயிற்பீலிக்குள்ளிருந்து மரத்தின் வளைவு மட்டும் தெரியும். மற்ற சாதிக்காரர்களும் மற்ற ஊர்க்காரர்களும் அவரவர் கூட்டமாக அதற்கு முன்னும் பின்னும் நடக்கிறோம். தேவகோட்டை, அறந்தாங்கி, புதுக்கோட்டை, ராமநாதபுரம் என்று கிழக்குச் சீமை முழுவதும் பூசத்துக்கு முந்தின பத்து நாளில் இந்தச் சாலைக்கு வந்துவிடும்.

எங்கள் கூட்டம் சின்னது. காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமம், முப்பது பேருக்குள். மூட்டை முடிச்சு ஏற்ற ஒரு டாட்டா ஏஸ் வண்டி, அதன் தலையில் குழாய் ஒலிபெருக்கி, முன்னால் வேல். குருசாமி ஒருவர் உண்டு. ஆனால் கூட்டம் நடந்தது என் அயித்தையின் சொல்லில். அப்பாவின் அக்கா, அறுபதைத் தாண்டியவர். பச்சைச் சேலையை முழங்காலுக்குக் கீழ் வரிந்து கட்டி, இடுப்பில் ஒரு மஞ்சள் பையைச் செருகியிருப்பார். வண்டியில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம், அந்தப் பையை மட்டும் தரமாட்டார்.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிட்டார்கள். நத்தம் மாரியம்மன் கோயில் பக்கம் ஒரு கொட்டகையில் படுத்திருந்தோம். மாசியில் அந்தக் கோயிலில் கழுமரம் ஏறுவார்கள். வழுக்குமரத்தில் ஏறி விழுந்து ஏறும் அந்த ஆட்களை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். தூக்கத்திலிருந்து எழுந்து முதல் அடியைத் தரையில் வைத்தபோது அவர்களைத்தான் நினைத்துக்கொண்டேன். நடந்துகொண்டிருக்கும்வரை கால் வலிப்பதில்லை. நிறுத்தி, படுத்து, எழுந்து, அந்த முதல் இருபது அடி இருக்கிறதே, அதற்குத்தான் ஆள் அழுவது. பெரியவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பக்கத்துத் தெரு ஆச்சி ஒருவர் ஒவ்வோர் அடிக்கும் ‘முருகா’ என்றார். பக்தி கால் பங்கு, வலி முக்கால் பங்கு.

ஊரைத் தாண்டியதும் நிலா நேர் எதிரே இருந்தது. பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் நடக்கிற நாளெல்லாம் வளர்பிறை. விடிகாலையில் அது மேற்கே இறங்கும். நாமும் மேற்கே போகிறோம். தினமும் முக்கால் மணி நேரத்துக்குக் கிட்ட கூடுதலாக நின்று வழி காட்டும். அன்றைக்கு மூன்று மணிக்குள் இறங்கிவிட்டது. அதற்கப்புறம் நல்ல இருட்டு. லாரி விளக்கு மட்டும்.

லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பாதயாத்திரை போகிறவர்கள் மேல் வண்டி ஏறியது என்று செய்தி வராமல் இருந்ததில்லை. போலீஸ்காரர்கள் முதுகிலும் பையிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். கையில் கம்பு வைத்திருப்பவர்கள் கம்பிலும் சுற்றிக்கொள்வார்கள். தூரத்தில் விளக்கு வந்ததும் முன்னால் போகும் வரிசை முழுவதும் சிவப்பும் வெள்ளையுமாக மின்னும், வண்டி கடந்ததும் அணையும். அப்போதுதான் தெரியும், நமக்கு முன்னால் எத்தனை பேர் போகிறார்கள் என்று. இருட்டில் நாம் தனியாகப் போவதாக நினைத்துக்கொண்டிருப்போம்.

அந்த வேளையில் காற்றில் மாம்பூ வாசம். நத்தம் சுற்றுவட்டாரம் மாந்தோப்புக்குப் பேர்போனது. தை மாதம் பூக்கும் காலம். மரம் ஒன்றும் தெரியவில்லை. மூக்கை வைத்துத்தான் தோப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுகொண்டோம். “பனி நல்லா விழுந்தா பூ கருகிரும்” என்றார் அயித்தை. நான் போர்வையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டேன்.

வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு: சாலை ஓரத்து வெள்ளைக் கோடு. தாரில் ஜல்லி முனை குத்தும். மண் ஓரத்தில் கருவேல முள், பீங்கான் சில்லு, பாட்டில் உடைசல். இரண்டுக்கும் நடுவில் நாலு விரல்கடை அகலத்தில் பெயின்ட் பூசிய கோடு மட்டும் வழவழப்பு. வெயில் ஏறிய பிறகும் வெள்ளை என்பதால் தார் அளவுக்குச் சுடாது. அதனால் ஆயிரக்கணக்கான பேர் ஒருவர் பின் ஒருவராக அந்தக் கோட்டின் மேலேயே நடப்பார்கள். பார்க்கிறவர்கள் என்ன ஒழுங்கு என்று வியப்பார்கள். ஒழுங்கும் இல்லை ஒன்றும் இல்லை, பாதம் தேடிக்கொண்ட இடம் அது. ஆனால் ஓரத்து மண்ணில் நடப்பதைவிடக் கோட்டின் மேல் நடந்தால் வண்டிக்குக் கிட்டே போய்விடுகிறோம். இதைத் தெரிந்துகொண்டேதான் எல்லோரும் அதில் நடக்கிறோம்.

கோபால்பட்டியில் விடிந்தது. டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் பெஞ்சியைத் துடைத்துவிட்டார். உட்காரக் கூடாது என்று அயித்தையின் கட்டளை. “உக்காந்தா மறுபடி மொத இருவது அடி.” நின்றுகொண்டே குடித்தோம். முதுகுக்குப் பின்னால் சூரியன் வந்ததும் எங்கள் நிழல்கள் சாலையில் முன்னால் நீண்டு விழுந்தன. மேற்கே போகிற யாத்திரையில் காலையெல்லாம் நிழலை மிதித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். இடது கைப்பக்கம் சிறுமலை, இடுப்பு வரை மேகம். வலது கைப்பக்கம் கரந்தமலை. நடுவில் நாங்கள். சிறுமலை வாழைப்பழம் விற்க உட்கார்ந்திருந்த ஒரு கிழவி நாங்கள் விலை கேட்பதற்கு முன்பே ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். காசு நீட்டியபோது கையைத் தட்டிவிட்டாள். சின்னப் பழம், தோல் தடிப்பு, ஒரு புளிப்பு கலந்த தித்திப்பு. அந்த விடியலில் அதைத் தின்றவர்களிடம் வேறு பழத்தைப் பற்றிப் பேச முடியாது.

நடக்கும்போது என்ன நினைப்பாய் என்று சென்னை அலுவலகத்தில் கேட்டார்கள். நாள் முழுவதும் முருகனையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்று அவர்கள் எதிர்பார்த்தது தெரிந்தது. உண்மையில் முதல் நாள் ஆபீஸ் சண்டைகளை நினைத்தேன். இரண்டாம் நாள் ஊர்ச் சண்டைகளை. நடு நாளில் மனசில் ஒன்றுமில்லை. மஞ்சள் தலை கிலோமீட்டர் கல் ஒன்று போனால் அடுத்தது எப்போது என்பதுதான். கல்லைப் பார்க்காதே என்று அயித்தை பலமுறை சொன்னார். பார்க்காமல் இருக்க முடியாது. ‘திண்டுக்கல் 24’ என்று பார்த்துவிட்டு வெகு நேரம் நடந்து அடுத்த கல்லைப் பார்த்தால் 23. அந்த ஒரு கிலோமீட்டருக்குள் என்னென்னவோ நடந்து முடிந்திருக்கும்.

சாணார்பட்டி வருவதற்குள் எனக்கு நெறி கட்டிவிட்டது. வலது காலில் குதிகாலுக்கு மேல் ஒரு கொப்புளம் உடைந்து புண்ணாகியிருந்தது. அதற்குத் தொடையிடுக்கில் பதில். காலைத் தூக்கி வைக்கும்போதெல்லாம் இடுக்கில் ஒரு கொட்டை நெரிபட்டது. சொல்லாமல் நடந்தேன். ஆனால் நடையைப் பார்த்தே அயித்தை கண்டுபிடித்துவிட்டார்.

“என்னடா, நெறி கட்டிருச்சா?”

“லேசாத்தான் அயித்தே.”

“லேசாக் கட்டுன நெறிய நான் பார்த்ததில்ல. உக்காரு.”

ஒரு புளியமரத்தடி கிடைத்தது. சாலையை அகலப்படுத்திய இடங்களில் புளியமரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. இடது பாதத்தில் உடையாத கொப்புளம் இன்னொன்று இருந்தது. அயித்தை ஊசியில் நூல் கோத்து, தீக்குச்சியில் முனையைச் சுட்டு, கொப்புளத்தின் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டு இரண்டு பக்கமும் கத்தரித்தார். நூல் வழியாக நீர் கசிந்து இறங்கிவிடும், தோல் பிரியாமல் அப்படியே ஒட்டிக்கொள்ளும் என்பது கணக்கு. டாக்டரிடம் கேட்டால் திட்டுவார். இந்தச் சாலையில் அந்த நூல் தொங்கும் பாதங்களை நான் நிறையப் பார்த்தேன். உடைந்த புண்ணுக்கு விளக்கெண்ணெயும் மஞ்சளும். ஒரு துணி. செருப்புப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் எங்களைக் கடந்து போன ஒரு காவடிக் கூட்டத்தைக் காட்டி அவர் சொன்னார்:

“நகரத்தார்க் காவடி தெரியுமா? பூசம் முடிஞ்சு மகத்தன்னைக்குச் செலுத்திட்டு, அவுக திரும்பி வாறப்பவும் நடந்துதான் வாறாக. நாம பஸ் ஏறப்போறோம். எந்திரி.”

அப்புறம் என்ன கேட்பது?

ஒன்பது மணிவாக்கில் குளிக்க இடம் தேடினோம். சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தோட்டம். கிணறு, மோட்டார் ரூம், தொட்டி. பச்சை மொச்சை பறித்துக் குவித்திருந்தார்கள். தோட்டக்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

“வாங்க சாமி. த்ரீ பேஸ் கரண்டு இன்னும் வரல. ஒம்பதரைக்கு வந்துரும். இருங்க, மோட்டாரப் போட்டுவிடுறேன். தொட்டித் தண்ணி பழசு.”

“தொட்டியே போதுங்க” என்றேன்.

“அட, இருங்க சாமி. நேத்து அறந்தாங்கி ஆளுக வந்தாக. அவுகளும் பாய்ச்சத் தண்ணியிலதான் குளிச்சாக. உங்களுக்கு மட்டும் பழசு குடுக்கலாமா?”

கரண்டு வரும் வரை வரப்பில் உட்கார்ந்திருந்தோம். எத்தனை முறை பழனிக்கு நடந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். நடந்ததே இல்லையாம். பஸ்ஸில் போனதுண்டு, ஆனால் பூசத்துக்கு இல்லை. “பூசத்துக்கு முந்தின பத்து நாள் இந்தக் கெணத்துல ஆள் வந்துக்கிட்டே இருக்கும் சாமி. விட்டுட்டு எங்க போறது? எங்க அப்பா காலத்துல கமலை. மாட்டப் பூட்டி எறச்சு ஊத்துனாரு. அவரும் நடந்து போகல.” இரண்டு தலைமுறையாக, பழனி சாலையிலேயே இருந்துகொண்டு பழனிக்கு நடக்காமல் இருப்பவர்கள். இதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை, பெருமை இருந்ததாகவும் தெரியவில்லை. மோட்டார் ரூமில் பல்பு எரிந்ததும் எழுந்து ஓடினார்.

நாலு இஞ்சுக் குழாயில் தண்ணீர் முட்டிக்கொண்டு விழுந்தபோது பாதங்களை அதற்கடியில் வைத்தேன். அந்தச் சுகத்தை எழுதத் தெரியவில்லை.

கிளம்பும்போது அவர் மனைவி வந்தார். கையில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. எங்களில் யாரிடம் கொடுப்பது என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, நேராக அயித்தையிடம் போனார். அயித்தை இரண்டு கையாலும் வாங்கினார்.

“யாரு பேருக்கு ஆத்தா?”

“மகளுக்கு. பிள்ளை தங்க மாட்டேங்குது. ரெண்டு தடவ ஆச்சு.”

அயித்தை வேறொன்றும் சொல்லவில்லை. முடிச்சை இன்னொரு முறை இறுக்கி, அதன் மேல் ஒரு நூலைச் சுற்றி, மஞ்சள் பைக்குள் போட்டார். அந்த அம்மாள் குனிந்து எல்லோருடைய காலையும் வரிசையாகத் தொட்டுக் கும்பிட்டார். என் முறை வந்தபோது நான் பின்னால் நகர்ந்தேன். என் அம்மா வயது. சேற்றோடு இருந்த காலைத் தொடுகிறார். சாலைக்கு வந்ததும் அயித்தை பிடித்துக்கொண்டார்.

“எதுக்குடா ஒதுங்குனே?”

“சங்கடமா இருந்துச்சு அயித்தே. நான் யாரு, எனக்குப் போயி…”

“ஒனக்கா கும்பிட்டா? தபால்காரன் கூச்சப்பட்டா தபால் போய்ச் சேருமா? வாங்கிக்கிட்டுப் போயி அங்கன சேத்துரணும். அம்புட்டுத்தான் ஒன் வேலை.”

அப்போதுதான் அந்தப் பையைத் திறந்து காட்டினார். முப்பது நாற்பது முடிச்சுகள் இருக்கும். பாதி எங்கள் ஊரிலேயே கொடுத்தவை: நடக்க முடியாதவர்கள், மாமியாரைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்காகத் தாய் கொடுத்தது. மீதி வழியில் சேர்ந்தவை. சிங்கம்புணரியில் கயிறு திரிக்கிற பெண்ணொருத்தி நாரில் சுற்றியே ஒன்றைக் கொடுத்திருந்தாள். எதிலும் பேர் எழுதவில்லை. அயித்தைக்கு எழுத வராது. நோய்க்கு முடிந்ததற்கு இரட்டை முடிச்சு, கல்யாணத்துக்குச் சிவப்பு நூல், பிள்ளைக்கு வெள்ளை நூல், கோர்ட்டு வழக்குக்கு நூல் இல்லாமல் வெறும் முடிச்சு. “வழக்குக்கு எதுக்குப் போட்டுக்கிட்டு? எதிராளியும் வேற யார்ட்டயாச்சும் குடுத்துவிட்டிருப்பான்.” ஒவ்வொன்றையும் தொட்டு ஊரும் ஆளும் சொன்னார். அயித்தைக்கென்று சொந்தமாக ஏதாவது வேண்டுதல் உண்டா என்று கேட்டேன். “பை நெறஞ்சு போச்சேடா” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

மத்தியானம் அன்னதானப் பந்தல்கள். இதைப் பற்றி எனக்கு இரண்டு மனது. சாலை நெடுகிலும் பந்தல். தக்காளிச் சாதம், எலுமிச்சைச் சாதம், புளியோதரை, பொங்கல், மோர், பானகம், சுக்குக் காப்பி. ஒரு பந்தலில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து வருகிறவர்களின் கால்களை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் போட்டு நீவிவிடுகிறார்கள். ஒரு பள்ளிவாசல் முகப்பில் தொப்பி போட்ட பெரியவர்கள் மோர் ஊற்றினார்கள். இதெல்லாம் பார்க்கும்போது சொல்ல வாய் வருவதில்லை. ஆனால் வயிறு நிறைந்த பிறகும் கையைப் பிடித்து இழுத்துத் தட்டைத் திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பந்தலைவிடப் பெரிய பேனர், அதில் கொடுப்பவர் முகம் முருகன் முகத்தைவிடப் பெரிதாக. ஒரு தட்டுக்கு நாலு போட்டோ. வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கி, பத்தடி தள்ளிப் போட்டுவிட்டுப் போகிற நடைப் பயணிகளும் குறைவில்லை. சாப்பிட்டு எறிந்த தட்டும் சாப்பிடாமல் எறிந்த சோறுமாக ஓரம் முழுவதும் கிடந்தது. 2019 ஜனவரியிலேயே அரசு தடை செய்த தண்ணீர்ப் பாக்கெட்டுகள் ஒரு வருஷம் கழித்தும் அந்தச் சாலையில் காலுக்கடியில் வெடித்துக்கொண்டிருந்தன. ஓரத்து மாந்தோப்புக்காரர்கள் பூசம் முடிந்து ஒரு வாரம் அதைத்தான் பொறுக்க வேண்டும். முருகனுக்கு நேர்ந்துகொண்டு வருகிற கூட்டம் தன் குப்பையையும் முருகனே பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுகிறது.

இரண்டு மணிக்கு மேல் சூரியன் முன்னால் வந்துவிட்டது. காலையில் நிழலை மிதித்தவர்கள் இப்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு நடந்தோம். பாட்டு வண்டிக்காரர் டி.எம்.எஸ். கேசட்டை (இப்போது பென் டிரைவ், பேர் மட்டும் கேசட்) மூன்றாம் முறை போட்டார். யாரும் ‘அரோகரா’ சொல்லவில்லை. குருசாமி இரண்டு முறை ‘வேல் வேல்’ என்று எடுத்துக் கொடுத்துப் பார்த்தார். பின்னாலிருந்து முனகல்தான் வந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் எங்களில் யாரையாவது பிடித்து, முருகன் இருக்கிறானா என்று கேட்டிருந்தால், நிழல் இருக்கிறதா என்று திருப்பிக் கேட்டிருப்போம். ஆனால் ஒருவரும் வண்டியில் ஏறவில்லை. ஏறச் சொல்லி டிரைவர் கேட்டார், ஆச்சியிடம் கெஞ்சவே செய்தார். ஆச்சி கைகாட்டி மறுத்துவிட்டார். முன்னால் போகிறவரின் குதிகால் தூக்கும்போது நம்முடையதும் தூக்கியது, அவ்வளவுதான்.

இந்த வெயிலில்தான் நான் வேலு நாச்சியார் கதையை எடுத்தேன். அலுப்பு மறக்க ஏதாவது பேச வேண்டும். எங்கள் சிவகங்கைச் சீமையிலிருந்து இந்தத் திசைக்கு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ராணி. 1772-இல் காளையார்கோயிலில் கணவர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு மகளோடு தப்பி, விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கரிடம் அடைக்கலம். திண்டுக்கல்லில் ஐதர் அலியைப் பார்த்து உதவி கேட்டு, எட்டு வருஷம் காத்திருந்து, 1780-இல் சிவகங்கையைத் திரும்பப் பிடித்தார். நாளை மறுநாள் அந்த விருப்பாட்சி வழியாகத்தான் போகப்போகிறோம் என்று சொன்னேன். கூட வந்த கல்லூரிப் பையன் ஆர்வமாகக் கேட்டான். அயித்தையும் முழுதாகக் கேட்டார்.

“அவுக குதிரையில போயிருப்பாக” என்றார் கடைசியில்.

அந்தப் பையனைப் பற்றிச் சொல்கிறேன். பி.எஸ்சி. இரண்டாம் வருஷம், இதுதான் முதல் நடை. எல்லோருக்கும் முன்னால் ஓடிப்போய் நின்று திரும்பிப் பார்க்கிற வகை. ஐந்து மணி சுமாருக்கு சாலை லேசாக ஏறி இறங்கிய இடத்தில் அவன் அப்படி நின்றான். எதிரே, சூரியனுக்குக் கீழே, மொட்டையாக ஒரு பெரிய பாறை மலை. தலையில் மதில் சுவர் வரி தெரிந்தது. பையன் கைகளை உயர்த்தி, நாள் முழுவதும் யாருக்கும் வராத குரலில், “பழனி மலை முருகனுக்கு…” என்று கத்தினான்.

பின்னால் நாங்கள் முப்பது பேர். எங்களுக்கும் பின்னால் வேறு கூட்டங்கள். தலை நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லாத எல்லோரும் ஒரே குரலில் “அரோகரா” என்றார்கள். ஆச்சி கையைக் குவித்து நடுரோட்டில் நின்றுவிட்டார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ சூடம் கொளுத்தத் தேடினார்கள்.

“டேய்,” என்றார் அயித்தை, “அது திண்டுக்கல் கோட்டைடா.”

மதுரை நாயக்கர்கள் கட்டத் தொடங்கி, ஐதரும் திப்புவும் பலப்படுத்தி, கடைசியில் கும்பினிக்காரன் பிடித்த கோட்டை. மேலே ஒரு பழைய கோயில் உண்டு, அதனால் கும்பிட்டதில் குற்றமில்லை என்று குருசாமி சமாதானம் சொன்னார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பழனிக்கு இன்னும் 60 கிலோமீட்டருக்குக் கிட்ட இருந்தது. ஆனால் அந்தப் பொய் அரோகராவில் எங்களுக்கு வந்த வேகம் திண்டுக்கல் எல்லை வரை தாங்கியது. பையன் மட்டும் எல்லோருக்கும் பின்னால் வந்தான்.

ராத்தங்கலுக்கு ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. சாப்பாட்டுக் கூடத்தில் பாய் விரித்து, சுவரோரம் வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்தோம். அயித்தை ஊசி, நூல், விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு ஒவ்வொரு பாதமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என் நெறி சுருங்கியிருக்கிறது என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளை வழியைப் பற்றி ஒரு சச்சரவு: திண்டுக்கல்லுக்கு அப்பால் ஒட்டன்சத்திரம் சாலையில் பாதயாத்திரைக்காரர்களுக்கென்று கல் பதித்த தனி நடைபாதை இருக்கிறது, அதில் போகலாம் என்று குருசாமி, அந்தக் கல்லின் இடுக்கு வெறுங்காலைப் பதம் பார்க்கும், வெள்ளைக் கோடுதான் என்று ஆச்சி. செம்மடைப்பட்டி வரை லாரி அதிகம், ஒரு மணிக்கே கிளம்ப வேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள்.

கல்லூரிப் பையன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதைத் துடைக்கத்தானோ என்னவோ, அயித்தையிடம் போனை நீட்டினான்.

“ஆத்தா, இன்னைக்கு மட்டும் அம்பதாயிரம் அடிக்கு மேல நடந்திருக்கேன். போனே எண்ணியிருக்கு, பாருங்க.”

“அப்படியா. பழனிக்கு இன்னும் எத்தன அடி?”

அவன் கணக்குப் போட்டான். “ஒரு எம்பதாயிரம், தொண்ணூறாயிரம் வரும் ஆத்தா.”

“மலைப்படி 693. அதயும் சேத்தியா?”

“இல்ல.”

“சேக்காத. அது தனிக் கணக்கு” என்று சொல்லி, அயித்தை அவன் காலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஊசியில் நூல் கோக்க விளக்குப் பக்கம் திரும்பினார்.